பொடி வைத்த கெட்டில்

பிப்ரவரி 4

லென்ஸ் அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை நேரில் வந்து கேட்பேன். நேரில் வர முடியவில்லை என்பதுதான் இப்போது சங்கதி.

போன மாதம் முப்பத்தொன்றோடு என் ஒரு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். "என்ன தம்பி அவசரம்? இந்த லாட் முடியட்டுமே" என்றார் மேற்பார்வையாளர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதற்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயரே முப்பத்திரண்டு. நாங்கள் செய்கிற ஐகானில், கம்ப்யூட்டர் திரையில் வரும் குட்டிப் படத்தில், முப்பத்திரண்டு என்று ஓர் அளவும் இருக்கிறது, அதனால் காதில் விழுந்தாலும் வேலையைப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

என் சர்டிபிகேட் எல்லாம் அவர் பீரோவில் இருக்கிறது. போன், சேர்ந்த அன்றே கேட்டில் வாங்கிக்கொண்டது. போன மாதம் எங்களை ஜன்னல் அடைத்த வேனில் ஏற்றி ஒரு புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் மாடியில் பதினோரு பேர், சாப்பாடும் படுக்கையும் அங்கேயேதான். படியில் கிரில் கேட், பூட்டு வெளிப்பக்கம். ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சாம்பல் பெயின்ட். வெயில் வந்தால் படத்தின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். காரணம் உண்மைதான், உனக்கும் தெரியும். அதனால்தான் ஆரம்பத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். கீழே இரண்டாம் மாடியில் பொருள்களைப் படம் எடுக்கிறார்கள், கெட்டில், குடை, கத்தரிக்கோல், கடிகாரம் என்று. கேமராவிலிருந்து வரும் அசல் படம், அந்த ரா ஃபைல், ஒவ்வொன்றும் சுவரை அடைக்கும் அளவு. நான் அதை வெளிச்சம் திருத்தி, பின்னணியை வெட்டி, நான்கு அளவுக்குச் சுருக்குகிறேன். இருநூற்று ஐம்பத்தாறு புள்ளி, நாற்பத்தெட்டு, முப்பத்திரண்டு, பதினாறு. நான்கு படத்தையும் ஒரே ஃபைலில் வைத்து மூட வேண்டும், ஒரு உறையில் நாலு லெட்டர் போடுகிற மாதிரி. எந்த இடத்துக்கு எந்த அளவு தேவையோ அதைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும். பதினாறை மட்டும் மெஷினிடம் விட்டால் சேறாகிவிடும், ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைக்க வேண்டும். கெட்டில் என்றால் மூக்கும் கைப்பிடியும் போதும், மற்றதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சரிபார்க்கிறவரும் சின்ன அளவுகளைத்தான் பார்ப்பார், பெரிய படத்தை யாரும் திறப்பதே இல்லை.

ஆபீஸ் வழியாக உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். வந்ததா? வந்திருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் இதைத் தண்ணீர்க் கேன்காரரிடம் கொடுக்கிறேன். வாட்ச்மேன் கூடவே நிற்பதால் பேச முடியாது, காலிக் கேன் மூடிக்குள் மடித்து வைக்கிறேன். அடுத்த முறை அவரிடமே தெருப் பெயரை எழுதி வாங்கி உனக்கு அனுப்புகிறேன். அதுவரை நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பதில் எழுதினால் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்கு எழுது, வருகிற கடிதங்களைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

பொடி


பிப்ரவரி 13

டேய் பொடி,

உன் கடிதம் கிடைத்தது. முந்திய இரண்டும் வரவில்லை. ஒரு வருடமாக ஒரு வரி இல்லாதவன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது கவலையும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே நாளில் எப்படித் தாங்குவது?

வெளியே போடா என்று சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். பூட்டிய வீட்டுக்குள் போய் உட்காரு என்று சொன்னேனா?

நான் ஏன் சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நம் ஸ்டுடியோ வாசலில் எடுத்த படம். அதற்கப்புறம் அவரை யாரும் படம் எடுக்கவில்லை. அந்த ரா ஃபைலை ஐகானாக்கி என் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மேல் ஒட்டினாய். ஆசையாகத்தான் செய்தாய், தெரியும். அப்புறம் கார்டில் இடமில்லை என்று அசலை அழித்துவிட்டு வந்து நின்றாயே! "காப்பி எடுத்துட்டேன்னு நெனச்சேங்க்கா" என்று வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நீ முழிக்கும்போதெல்லாம் நிற்பதுபோல. இப்போது அப்பா இருநூற்று ஐம்பத்தாறு புள்ளி. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. முன்னறைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "ஏன் வெறும் ஆணி?" என்று கேட்கிறார்கள். சின்னதாக்கியதைத் திரும்பப் பெரிதாக்க முடியாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்!

சரி, அது கிடக்கட்டும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எப்போதும் பொடி வைத்துப் பேசுகிறவன் நீ, அதற்காகவே அந்தப் பெயர் உனக்குப் பொருத்தம். இந்த முறை நேராக எழுதியிருக்கிறாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் கேன்காரருக்கு என் கும்பிடைச் சொல். மூடிக்குள் இருந்ததை எடுத்துப் பத்திரமாகத் தபாலில் சேர்த்திருக்கிறார், நல்ல மனுஷன். தெருப் பெயரைச் சீக்கிரம் வாங்கு. நான் அங்கே வந்தேன் என்றால் அந்த முப்பத்திரண்டின் பல்லை ஒவ்வொன்றாக எண்ணி அவன் கையிலேயே கொடுப்பேன்.

அக்கா


பிப்ரவரி 27

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நானும் மேற்பார்வையாளர் அவர்களும் சேர்ந்து படித்தோம். அவருக்குத் தாங்கள் வைத்த பெயரை இரண்டு முறை படித்துச் சிரித்தார்.

தண்ணீர் கேன் கொண்டுவந்த பெரியவர் இப்போது வருவதில்லை. குழாயிலேயே வடிகட்டி பொருத்திவிட்டார்கள். எல்லாம் தங்கள் அக்கறையால்தான்.

எனக்கு இப்போது தனி அறை தந்திருக்கிறார்கள். பேச்சுத் துணை இல்லாததால் வேலை வேகமாக நடக்கிறது. நாளொன்றுக்கு நாற்பது ஐகான் முடிக்கிறேன். நானே விரும்பித்தான் இங்கே தொடர்கிறேன். முன்பு எழுதியதெல்லாம் வீட்டு ஞாபகத்தில் எழுதியது, பொருட்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி


மார்ச் 8

தம்பிக்கும், சேர்ந்து படிக்கிறவருக்கும்,

வணக்கம்.

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எம்மாம் மரியாதையா எழுதியிருக்கான் பாரு, திருந்திட்டான்டீ" என்று ஒரே பூரிப்பு. பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் அவசரக்காரி. வாய் முந்திக்கொள்ளும், இப்போது கையும் முந்திக்கொண்டது. அந்தப் பெரியவரை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்னை நினைத்தால் தூக்கமும் இல்லை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, எதை எழுதினாலும் உன் தலையில்தான் விழும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. "தங்கள்" என்று மட்டும் எழுதாதே.

அக்கா


மார்ச் 19

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். தாங்கள் வருந்த ஒன்றும் இல்லை.

ஒரு மகிழ்ச்சியான செய்தி. எங்கள் கம்பெனி இணையதளத்தில் இலவச மாதிரித் தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது. அதில் நாற்பத்தொன்றாவது ஐகான், கெட்டில், நான் செய்தது. மேற்பார்வையாளர் அவர்களே பார்த்துப் பாராட்டினார். தாங்களும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஐகானைச் சின்னதாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். தாங்கள் எந்தப் படத்தையும் பெரிதாக்கிக் கண் இமையை எண்ணுகிற ஆள். வாடிக்கையாளர் போதும் போதும் என்றாலும் விடமாட்டீர்கள். தயவுசெய்து இந்தக் கெட்டிலைப் பெரிதாக்க வேண்டாம். நன்றாக இருக்காது.

கெட்டிலில் பொடி சரியாக இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பொடியின் ருசி தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி


(தேதி இல்லை. கெட்டில் ஐகானின் இருநூற்று ஐம்பத்தாறு புள்ளிப் படத்தில், கீழ்ப் பாதியில், புள்ளி புள்ளியாக வைத்த எழுத்துகள்.)

அக்கா
11 பேர். மூணாம் மாடி.
வெளியில பூட்டு.
லெட்டர் படிக்கிறாங்க.
தெரு தெரியாது.
மேல உள்ள படம் கெட்டில் வயிறு.
புரட்டிப் பாரு.
வியாழன் காலைல ரெண்டாம் மாடிக்கு விடுவாங்க.
அங்க மட்டும் ஜன்னல்.
உன்மேல கோவம் இல்ல. பொடி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கும், மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நானும் அம்மாவும் சுகம்.

முந்திய கடிதத்தில் மேற்பார்வையாளர் அவர்களைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுதியதற்கு வருந்துகிறேன். என் தம்பியை இவ்வளவு பணிவானவனாக மாற்றியது அவர்தான் என்று அம்மா தினமும் சொல்கிறாள்.

உன் கெட்டிலைப் பார்த்தேன். சின்னதாகத்தான் பார்த்தேன், சொன்ன பேச்சைக் கேட்டேன். பொடி சரியாக இருக்கிறது. இவ்வளவு திட்டமாகப் பொடி போட நீ எப்போது கற்றுக்கொண்டாய்?

இங்கே எனக்குத்தான் ஒரு தொந்தரவு, கடைவாய்ப் பல் வலி. நல்ல பல் ஆஸ்பத்திரியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் மொத்தம் ஒன்பது இருக்கிறதாம். எதிர்வீடு வரைக்கும் தெரிகிற மாதிரி பெரிய போர்டு வைத்த ஒன்றை ஒருவர் சொன்னார், எந்தத் தெரு என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டியதுதான். நல்ல டாக்டர் வியாழக்கிழமை காலையில்தான் பார்ப்பாராம். துணைக்கு யாராவது பெரியவர்களை அழைத்து வரவும் யோசனை. பல் பிடுங்குகிற காரியம், தனியாகப் போகப் பயம்.

அக்கா


ஏப்ரல் 10

பேரன்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் பல் வலி பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். மேற்பார்வையாளர் அவர்களும் வருந்தினார், கிராம்பு வைக்கச் சொன்னார்.

தள்ளிப் போட வேண்டாம். பல் விஷயத்தில் நாள் கடத்தினால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாங்கள் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை இன்னும் வசதியான வேறு கட்டிடத்துக்கு மாறுகிறோம். வேறு ஊர் என்று கேள்வி. தபால் பெட்டி எண்ணும் மாறும், புதியது பிறகு தரப்படுமாம். ஆகவே இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். மாதிரித் தொகுப்பும் இனி வராது.

கெட்டில், குடை, கத்தரிக்கோல் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது கதவு ஐகான் செய்துகொண்டிருக்கிறேன். பதினாறு புள்ளிக்குள் கதவு சுலபம், ஆனால் அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்ட முடியவில்லை. பத்து முறை அழித்தாகிவிட்டது.

வியாழக்கிழமை என்றால் பதினாறாம் தேதி மட்டும்தான் பாக்கி, அக்கா.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 16, வியாழன்

டேய் பொடி,

இதைத் தபாலில் போட மாட்டேன், உன் கையில்தான் தருவேன். உன் எதிர்வீட்டில், பல் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், டோக்கன் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் மண்டைக்கனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக்காதே என்று நீ எழுதியதும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அதைத் திறக்கவே இல்லை. கடுகளவு படத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அம்மாதான் "பையன் ஆசையா செஞ்சிருக்கான், பாரேன்" என்று நச்சரித்தாள். டெஸ்க்டாப்பில் எடுத்து வைத்தேன், கெட்டில்தான். அழகாகவே இருந்தது, மூக்கும் கைப்பிடியும். அப்போது அம்மா டம்ளரோடு வந்து, "பொடி தீந்துபோச்சு, வாங்கிட்டு வா" என்றாள். டீப்பொடியைத்தான் சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. நம் வீட்டில் பொடி என்றால் யார்? பொடி வைத்துப் பேசுவது யார்? ஐகானைப் பெரிதாக்கினேன். கெட்டில் போய்விட்டது, நீ வந்தாய். என் கழுதை மூளைக்கு அம்மாவின் டீ தேவைப்பட்டது.

மேலே இருந்த கெட்டில் வயிற்றை இடவலம் புரட்டினேன். பளபளக்கிற எவர்சில்வரில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கிரீடம் வைத்த ஒரு பல், அதற்குப் பக்கத்தில் "பல் ஆஸ்பத்திரி" என்ற எழுத்து. பொருளில் விழுகிற பிம்பத்தை அழி அழி என்று நான் உன்னிடம் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! இதை அழிக்காமல் விட்டாயே, உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

தொழிலாளர் அலுவலகத்துக்கு முன்பே ஒரு தடவை போயிருந்தேன், உன் பிப்ரவரிக் கடிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு. ஆபீசர் இரண்டாவதைப் படித்துவிட்டு, "நானே விரும்பித்தான் இருக்கேன்னு அவரே எழுதியிருக்காரேம்மா. இடமும் தெரியாது. நான் எங்க போய்த் தேட?" என்றார். அவர் மேல் தப்பில்லை. இந்த முறை கெட்டிலைக் கொண்டுபோனேன். அவருடைய கம்ப்யூட்டரில் சின்னதாகத்தான் வந்தது. "இது கெட்டில்தானேம்மா" என்றார். பொறுங்க சார் என்று பெரிதாக்கினேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "இதோட ஒரிஜினல் இருக்கா?" என்றார். "ஒரிஜினலை உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க சார்" என்றேன். அவர் ஒரு பேப்பரை இழுத்துப் புகாரை எழுதிக்கொண்டார்.

ஆனால் இடத்தைக் காட்டினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். கேன்காரர் போட்ட கடிதத்தின் தபால் முத்திரையில் இந்த ஊர்தான் இருந்தது, திங்கட்கிழமையிலிருந்து இங்கே தெருத்தெருவாக அலைகிறேன். ஒன்பதில் ஆறு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன். ஒரு டாக்டர் விடாமல் என் பல்லைச் சுத்தம் செய்தே அனுப்பினார். நேற்று சாயங்காலம் ஏழாவது, மாடியில் கிரீடம் வைத்த பல். எதிரே சாம்பல் பெயின்ட் அடித்த மூன்றாம் மாடி. அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை எட்டு மணிக்கே நீள லென்ஸைப் போட்டுக்கொண்டு இந்த ஜன்னலுக்கு வந்தேன். ஆபீசரும் இரண்டு போலீஸ்காரர்களும் தெருமுனை வண்டியில் இருக்கிறார்கள். சும்மா போய்க் கதவைத் தட்டினால் "இங்கு அப்படி யாருமில்லை" என்பார்களாம், உள்ளே ஆள் இருப்பதை நான் பார்த்து அடையாளம் சொன்னால்தான் பூட்டில் கைவைப்பார்களாம். எட்டரை, யாரும் இல்லை. ஒன்பது, யாரும் இல்லை. சனிக்கிழமைக்குப் பதில் நேற்றே உங்களைக் கொண்டுபோய்விட்டார்களோ என்று தெருவில் போகிற ஒவ்வொரு வேனையும் பார்த்தேன். நர்ஸ் இரண்டு தடவை என் டோக்கனைக் கூப்பிட்டாள். வலி விட்டுப்போச்சு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

ஒன்பதே காலுக்கு இரண்டாம் மாடி ஜன்னலுக்குள், ரொம்ப உள்ளே தள்ளி, ஓர் ஆள் நிழல் வந்தது. கண்ணாடியில் வெயில் அடிக்கிறது. லென்ஸை முழுக்க நீட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. படம் எடுத்துப் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது. முகம் இல்லை, கண் இல்லை, வெயில் தின்றது போக உருப்படியாய்ப் பதினாறு புள்ளி கூடத் தேறாது. இதை வைத்து ஒரு மனுஷனை அடையாளம் சொல்ல முடியாது என்று நான் யாருக்கு வேண்டுமானாலும் பாடம் எடுத்திருப்பேன்.

அந்த நிழல் ஒரு கையைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைப் பிடித்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த குழந்தை அழுதுவிட்டது. ஆபீசருக்குப் போன் செய்து "அவன்தான் சார், என் தம்பிதான்" என்றேன். "முகம் தெரியுதாம்மா?" என்றார். "தெரியல சார். அவன்தான்" என்றேன்.

பொடி, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவின் படத்தை இருக்கிற அளவிலேயே பிரின்ட் போட்டு, தபால்தலை போல, ஒரு சின்னச் சட்டத்துக்குள் வைத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று பார்த்தேன், அப்பாதான்.

இப்போது கீழே வண்டி வந்து நின்றிருக்கிறது. ஒருவர் கையில் பூட்டை வெட்டுகிற பெரிய கத்தரி. வாட்ச்மேன் எழுந்து நின்று ஏதோ கையை ஆட்டுகிறார். எனக்கு இங்கிருந்து சத்தம் கேட்கவில்லை. நீ இன்னும் ஜன்னலுக்குள் காதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய், கீழே நடப்பது உனக்குத் தெரியாது. அப்படியே நில்லுடா, நகராதே. நான் படி இறங்குகிறேன்.

அக்கா